வீடு ஒன்று, அலுவலகம் நான்கு: ஹாரிஸ் கவுன்டியில் நில, நீதிமன்ற ஆவணங்களைத் தேடும் முறை

2024 மே மாதம், மெம்பிஸ் நகரில் உள்ள, மறைந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகை ஏலத்துக்கு வருவதாகச் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. அவருடைய மறைந்த மகள் 38 லட்சம் டாலர் கடனுக்கு அதை அடமானம் வைத்திருந்தார் என்று ஒரு நிறுவனம் உரிமை கோரியது. பேத்தி வழக்குத் தொடுத்தார், நீதிமன்றம் ஏலத்தைத் தடுத்தது. இது மோசடி என்று ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெண் கைதானார். அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். போலி அடமானப் பத்திரம் ஒன்று மெம்பிஸ் இருக்கும் ஷெல்பி கவுன்டியின் (கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்யப்பட்டது என்பது அமெரிக்க நீதித் துறை வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி: அரசு அலுவலகம் போலிப் பத்திரத்தை எப்படி வாங்கிக்கொள்ளும்? பத்திரம் உண்மையா என்று பார்ப்பது அந்த அலுவலகத்தின் வேலையே இல்லை என்பதுதான் பதில். இது புரிந்தால், அமெரிக்கக் கவுன்டி ஆவணங்களில் எதைத் தேட வேண்டும், கிடைத்ததை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டம் வேறு என்பதால், டெக்ஸஸ் மாநிலத்தின் ஹாரிஸ் கவுன்டியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். டெக்ஸஸின் 254 கவுன்டிகளில் இதுவே பெரியது.

பதிவு செய்தால் உரிமை உறுதியாகிவிடுமா?

ஆகாது. பத்திரங்களைப் பதிவு செய்யும் கவுன்டி கிளார்க் அலுவலகம் வடிவத்தைத்தான் பார்க்கிறது: கையெழுத்து இருக்கிறதா, நோட்டரி சான்று இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா. எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா என்று அது கேட்பதில்லை. அடுத்த வீட்டை நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தாலும், நோட்டரி முத்திரை சரியாக இருந்தால், அது பதிவாகிவிடும். உங்களுக்கு உரிமை வராது, அவ்வளவுதான்.

அப்படியானால் பதிவு எதற்கு? உலகுக்கு அறிவிப்பதற்கு. டெக்ஸஸ் சட்டப்படி, பதிவாகாத கிரயப் பத்திரமும் எழுதிக் கொடுத்தவரையும் எழுதி வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அதை அறியாமல் விலை கொடுத்து வாங்கும் மூன்றாவது ஆளை அது கட்டுப்படுத்தாது. பதிவான பத்திரத்தைப் பற்றியோ, ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் சொத்து வாங்கியவர்கள் இங்கே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சர்வே எண்ணைக் கொடுத்தால் சார்பதிவாளர் அலுவலகம் வில்லங்கச் சான்று தரும். ஹாரிஸ் கவுன்டியில் அப்படி ஒரு சான்றைத் தரும் அரசு அலுவலகம் இல்லை. அதைத் தயாரிப்பவை, சொத்துரிமையை ஆராய்ந்து அதற்குக் காப்பீடு தரும் தனியார் டைட்டில் நிறுவனங்கள். நிலவாரியாக அடுக்கிய தரவுத்தளத்தை அவை சொந்தமாக வைத்திருக்கின்றன. பொதுமக்களுக்குக் கிடைப்பது முதன்மையாகப் பெயர்வாரியான அட்டவணை. ஆகவே இங்கே தேடல் என்பது ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குப் போவது.

முதலில் எந்தக் கவுன்டி?

அஞ்சல் முகவரியை நம்ப வேண்டாம். ‘கேட்டி’ என்று முடியும் முகவரி ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுன்டிகளில் எதிலும் இருக்கலாம். சுகர் லேண்ட் ஃபோர்ட் பெண்டில் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில் இருக்கும் பியர்லேண்ட் பெரும்பாலும் பிரசோரியா கவுன்டி. தவறான கவுன்டியில் தேடினால் ‘பதிவு ஏதும் இல்லை’ என்று வரும்; அதை வில்லங்கம் ஏதும் இல்லை என்று படித்துவிடுவதுதான் ஆபத்து.

எது எங்கே இருக்கிறது

1. ஹாரிஸ் சென்ட்ரல் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் (எச்சிஏடி). வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அமைப்பு. முகவரியைக் கொடுத்தால் உரிமையாளர் பெயர், 13 இலக்கக் கணக்கு எண், மனை விவரம், மதிப்பு எல்லாம் வரும். நம் ஊர்ப் பட்டாவைப் போல இது வருவாய்ப் பதிவு மட்டுமே. பெயர் மாற்றம் தாமதமாகலாம், தவறாகவும் இருக்கலாம். நீதிபதிகள், காவல்துறையினர் போன்றோர் தங்கள் பெயரை மறைக்கக் கோரலாம் என்பதால், சில சொத்துகளில் உரிமையாளர் பெயரே தெரியாது.

2. கவுன்டி கிளார்க். கிரயப் பத்திரம், அடமானம், அடமான ரத்து, மனைப்பிரிவு வரைபடம், லீன் எனப்படும் பாத்தியதைப் பதிவுகள் (கடனுக்காகச் சொத்தின் மீது கோரும் உரிமை), ஏல அறிவிப்புகள் எல்லாம் இங்கேதான். உயில், வாரிசுரிமையை விசாரிக்கும் பிராபேட் நீதிமன்றங்கள், நான்கு கவுன்டி சிவில் நீதிமன்றங்கள் ஆகியவற்றின் கோப்புகளும் இவரிடமே. அரசு நிலம் எடுப்பு வழக்குகள் ஹாரிஸில் அந்தச் சிவில் நீதிமன்றங்களில்தான் நடக்கும். சாலை விரிவாக்கத்துக்கு நிலம் போகிறதா என்று பார்ப்பவர்கள் மாவட்ட நீதிமன்றப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

3. டிஸ்ட்ரிக்ட் கிளார்க். மாவட்ட நீதிமன்றங்களின் சிவில், குடும்ப, குற்ற வழக்குகள். சிறு குற்றங்களை விசாரிக்கும் கவுன்டி குற்றவியல் நீதிமன்றங்களின் பதிவும் இவரிடமே இருக்கிறது. பெயரில் ‘கவுன்டி’ இருப்பதால் கவுன்டி கிளார்க்கிடம் தேடுவது வழக்கமாக நடக்கும் பிழை.

4. ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றங்கள். எட்டு வட்டங்களில் வட்டத்துக்கு இரண்டாக மொத்தம் பதினாறு. வாடகைதாரரை வெளியேற்றும் வழக்குகளும் 20,000 டாலர் வரையிலான கோரிக்கைகளும் இங்கே. இவற்றுக்குத் தேடல் தளமே தனி.

திவால் வழக்குகள் கவுன்டியிலேயே கிடையாது. அவை கூட்டாட்சி நீதிமன்றத்தின் பேசர் தளத்தில் இருக்கும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு உச்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே வராது.

நிலப் பதிவைத் தேடும் வரிசை

1. எச்சிஏடி-யில் முகவரியைக் கொடுத்து மனை விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘லாட் 12, பிளாக் 3, இன்ன மனைப்பிரிவு, செக்‌ஷன் 2’ என்ற வடிவில் இருக்கும். பத்திரத்தில் சொத்தை அடையாளம் காட்டுவது இந்த விவரம்தான்; கதவு எண் பல பத்திரங்களில் இருக்கவே இருக்காது. பழைய உரிமையாளர்களின் பெயரும் தேதியும் இருந்தால் அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. கவுன்டி கிளார்க் தளத்தில் இப்போதைய உரிமையாளரை ‘எழுதி வாங்கியவர்’ கட்டத்தில் இடுங்கள். அவர் வாங்கிய பத்திரம் கிடைத்ததும், அதில் எழுதிக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். அந்தப் பெயரை மறுபடி எழுதி வாங்கியவராக இட்டுத் தேடுங்கள். இப்படியே பின்னோக்கிப் போனால் மனைப்பிரிவை உருவாக்கிய கட்டுமான நிறுவனம் வரை போய்ச் சேரலாம்.

3. இப்போது திரும்பி முன்னோக்கி வர வேண்டும். பாதிப் பேர் செய்யாமல் விடுவது இதைத்தான். ஒவ்வோர் உரிமையாளரையும் ‘எழுதிக் கொடுத்தவர்’ கட்டத்தில் இட்டு, அவர் வாங்கிய நாளிலிருந்து விற்ற நாளுக்குச் சில மாதங்கள் பின்வரை தேடுங்கள். 2006-இல் வாங்கி 2015-இல் விற்றவர் என்றால், அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் எழுதிக் கொடுத்த அடமானம், வழிவிடு உரிமை, வேறொருவருக்குச் செய்த கிரயம் எல்லாம் இந்தத் தேடலில்தான் அகப்படும். பின்னோக்கிய தேடல், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை மட்டுமே காட்டும்.

4. ஒவ்வோர் அடமானத்துக்கும் ரத்துப் பத்திரம் இருக்கிறதா என்று ஜோடி சேருங்கள். டெக்ஸஸில் வீட்டுக் கடன் அடமானம் ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ என்ற வடிவில் எழுதப்படுகிறது. கடன் வாங்கியவர்தான் எழுதிக் கொடுத்தவர். எழுதி வாங்கியவராகப் பல நேரம் வங்கியின் பெயருக்குப் பதில் ‘மெர்ஸ்’ என்ற மின்னணுப் பதிவு நிறுவனத்தின் பெயர் நிற்கும். கடன் கை மாறியது இதனால் கவுன்டி பதிவில் தெரியாமலே போகலாம். ரத்துப் பத்திரத்தை வேறொரு வங்கி எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது எந்த அடமானப் பத்திர எண்ணைக் குறிப்பிடுகிறது என்று மட்டும் ஒத்துப் பாருங்கள்.

5. கடைசியாக, பெயரை விட்டுவிட்டு மனைப்பிரிவு, பிளாக், லாட் ஆகியவற்றை மட்டும் இட்டுத் தேடுங்கள். அந்த வசதி தளத்தில் இருக்கிறது. ஆனால் அட்டவணை தயாரித்தவர் லாட் எண்ணைச் சேர்க்காமல் விட்டிருந்தால் பத்திரம் வராது. ஆகவே இது சரிபார்ப்புக்குத்தான் உதவும். பெயர்த் தேடலுக்கு மாற்றாகாது.

பத்திரத்தில் விலையைத் தேடி ஏமாற வேண்டாம். விற்பனை விலையை வெளியிடக் கட்டாயமில்லாத மாநிலம் டெக்ஸஸ். ‘பத்து டாலரும் மதிப்புள்ள பிற கைமாறும் பெற்று’ என்ற வழக்கமான வாசகம்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, வீடு தானமாகப் போயிருக்கிறது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

ஹூஸ்டனில் மண்டலக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லை. வீட்டில் கடை வைக்கலாமா, பின்புறம் இன்னொரு வீடு கட்டலாமா என்பதையெல்லாம் பெரும்பாலும் மனைப்பிரிவுக் கட்டுப்பாட்டுப் பத்திரங்களே முடிவு செய்கின்றன. அவை மனைப்பிரிவுக்கே உரியவை என்பதால் உரிமையாளர் பெயரில் தேடினால் வராது. மனைப்பிரிவின் பெயரிலோ அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரிலோ தேட வேண்டும்.

பெயர் என்னும் கண்ணி

அட்டவணையில் குடும்பப் பெயர் முதலில் வரும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர் ஒரு பத்திரத்தில் பின்னால் நிற்கும், இன்னொன்றில் முன்னால் நிற்கும். கார்த்திக் சுப்பிரமணியன் என்பவர் வாங்கும்போது ‘சுப்பிரமணியன் கார்த்திக்’ என்றும், மறு கடன் வாங்கும்போது ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ என்றும் பதிவாகியிருந்தால், அட்டவணையைப் பொறுத்தவரை இருவரும் வேறு வேறு ஆட்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசாவில் ‘எஃப்என்யு’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். அந்த மூன்றெழுத்தே அவர்களுடைய பெயராக வங்கிக் காகிதத்திலும் பிறகு பத்திரத்திலும் ஏறிவிடுவதுண்டு.

எனவே பெயரை இரண்டு வரிசையிலும், முதலெழுத்தோடும் முதலெழுத்து இல்லாமலும், எழுத்துக்கூட்டலை மாற்றியும் தேட வேண்டும். ‘சுப்பிர’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பி’ ஒன்றா இரண்டா, கடைசியில் ‘ம்’ வருகிறதா ‘ன்’ வருகிறதா என்பதெல்லாம் இங்கே சில்லறை விஷயம் அல்ல. பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டு, தேதி வரம்பைக் குறுக்குவதே நல்ல வழி. கணவன், மனைவி இருவர் பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். டெக்ஸஸில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து பொதுவாக இருவருக்கும் உரியது. குடியிருக்கும் வீட்டை இருவரும் சேர்ந்துதான் விற்க முடியும், பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் கூட.

மறுபக்கம், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஆளும் ஒன்றாகிவிட மாட்டார். நீதிமன்றத் தீர்ப்பால் வந்த கடன் ஒன்று அதே பெயரில் இருந்தால் முகவரி, பிறந்த தேதி, ஓட்டுநர் உரிமத்தின் கடைசி எண்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீடு ஏலத்துக்கு வருவது நீதிமன்றத் தேடலில் தெரியாது

டெக்ஸஸில் வழக்கமான வீட்டுக் கடன் ஏலத்துக்கு வழக்கே தேவையில்லை. அடமானப் பத்திரத்திலேயே விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது. ஏலம் பொதுவாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். குறைந்தது 21 நாள் முன்னதாக அறிவிப்பைக் கவுன்டி கிளார்க்கிடம் தாக்கல் செய்து, பொது இடத்தில் ஒட்டி, கடனாளிக்கும் அனுப்ப வேண்டும். கவுன்டி கிளார்க் தளத்தில் இந்த அறிவிப்புகளுக்குத் தனித் தேடல் பக்கம் உண்டு. சொத்துப் பதிவுப் பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தவர், மூன்றே வாரத்தில் வீட்டை இழக்கும் நிலைக்கு வரலாம்.

விதிவிலக்குகள் உண்டு. வீட்டின் மதிப்பை வைத்து வாங்கும் ஹோம் ஈக்விட்டி கடனுக்கும் குடியிருப்போர் சங்க நிலுவைக்கும் ஏலம் போட நீதிமன்ற ஆணை வேண்டும். அவற்றுக்கு மட்டும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் தளத்தில் தடயம் இருக்கும்.

வழக்கு நிலத்தைத் தொடும் இடங்கள்

சொத்தின் மீது ஒரு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும். அதே நேரம் நிலப் பதிவில் ஒரு சுவடும் இருக்காது. இரண்டையும் இணைப்பது ‘லிஸ் பெண்டென்ஸ்’ என்ற அறிவிப்பு. வழக்குத் தொடுத்தவர் அதைக் கவுன்டி கிளார்க்கிடம் பதிவு செய்தால்தான் பிறகு வாங்குபவரை அது கட்டும். பண வழக்கின் தீர்ப்பும் அப்படியே: தீர்ப்பு வந்ததும் சொத்தின் மேல் தானாக ஏறாது. அதன் சுருக்கத்தைப் பதிவு செய்து அட்டவணையில் ஏற்றிய நாளிலிருந்து, அந்தக் கவுன்டியில் கடனாளிக்கு உள்ள நிலங்கள் மீது பத்தாண்டு பாத்தியதை நிற்கும். குடியிருக்கும் வீட்டை அது பற்றாது என்பது டெக்ஸஸின் சலுகை. ஆனாலும் விற்கும்போது டைட்டில் நிறுவனம் அதை நீக்கி வரச் சொல்லும்.

இரண்டு இடங்களில் தொடர் அறுந்திருப்பது போலத் தோன்றும், உண்மையில் அறுந்திருக்காது.

முதலாவது விவாகரத்து. தீர்ப்பில் வீடு மனைவிக்கு என்று இருக்கும். அதற்கான பத்திரத்தை யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். நிலப் பதிவில் இருவர் வாங்கிய வீட்டை ஒருவர் மட்டும் விற்றது போலத் தெரியும். குடும்ப நீதிமன்றக் கோப்பைப் பார்த்தால்தான் விளங்கும்.

இரண்டாவது மரணம். உயில் இருந்தால் பிராபேட் கோப்பில் தேடுங்கள். ‘மியூனிமென்ட் ஆஃப் டைட்டில்’ என்ற டெக்ஸஸ் நடைமுறையில், நிர்வாகி யாரையும் நியமிக்காமல், உயிலை ஏற்கும் நீதிமன்ற ஆணையே உரிமைப் பத்திரமாக நிற்கும். உயிலைப் பொதுவாக இறந்து நான்கு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உயில் இல்லாவிட்டால் வாரிசுகள் யார் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று நிலப் பதிவில் இருக்கக்கூடும். அது நீதிமன்றம் தீர்மானித்த ஆவணம் அல்ல. ஐந்து ஆண்டு பதிவில் இருந்த பிறகே முதல்நிலைச் சான்றாக, அதாவது யாரும் மறுத்து நிரூபிக்காத வரை ஏற்கப்படும் சான்றாக, எடைபெறும். 2015 செப்டம்பர் முதல் இன்னொரு வழியும் வந்தது: இறந்தபின் இன்னாருக்கு என்று உயிருடன் இருக்கும்போதே எழுதி, இறப்பதற்கு முன்பே பதிவு செய்யும் பத்திரம்.

வரி பாக்கி பத்திரப் பதிவில் வராது

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ஆம் தேதி அந்த ஆண்டு வரிக்கான பாத்தியதை சொத்தின் மீது தானாகவே விழுகிறது. யாரும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அடுத்த ஜனவரி 31-க்குள் கட்டாவிட்டால் பிப்ரவரியில் 7 சதவீதம் கூடும், ஜூலையில் தண்டம் 12 சதவீதமாகி வசூல் செலவும் சேரும். கவுன்டி வரி அலுவலகத் தளத்தில் கணக்கு எண்ணை இட்டால் பாக்கி தெரியும். அதோடு நிறுத்தக் கூடாது. புறநகர்ப் பகுதிகளில் தண்ணீர், கழிவுநீர் வசதிக்கான ‘மட்’ எனப்படும் மாவட்டங்களும் சில பள்ளி மாவட்டங்களும் தம் வரியைத் தனியே வசூலிக்கின்றன. எந்தெந்த அமைப்புகள் வரி போடுகின்றன என்ற பட்டியல் எச்சிஏடி பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பாக்கியைக் கேட்க வேண்டும்.

வரி ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்பவர்களுக்கு ஒரு சொல்: பழைய உரிமையாளர் தாமே குடியிருந்த வீடாக இருந்தால் அவருக்கு அதை மீட்டுக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முதல் ஆண்டில் 25 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 50 சதவீதம் கூடுதலாகத் தந்து மீட்கலாம்.

நகலும் கட்டணமும்

பத்திரத்தின் படத்தைத் தளத்தில் திறக்க இலவசக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். அங்கே வருவது அதிகாரபூர்வமற்ற நகல். சாதாரண நகல் பக்கத்துக்கு 1 டாலர். சான்றிட்ட நகலுக்கு மேலும் 5 டாலர். நீதிமன்றத்துக்கோ இந்தியத் தூதரக வேலைக்கோ சான்றிட்ட நகல்தான் செல்லும். புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில், நூறு டாலர் அளவில் கட்டினால் ‘உங்கள் பத்திர நகலை’ அனுப்புவதாகத் தனியார் கடிதங்கள் வரும். விற்கப்படுவது இதே ஒரு டாலர் பக்கங்கள்தான்.

தேடலுக்கு அகப்படாதவை

பதிவுக்கு வந்த பத்திரம் அட்டவணையில் ஏறச் சில நாள் ஆகலாம். வீட்டில் வேலை செய்த ஒப்பந்தக்காரர், வேலை முடிந்த மாதத்துக்குப் பின் மூன்றாம் மாதம் 15-ஆம் தேதி வரை தன் பாத்தியதையைப் பதிவு செய்யலாம். விற்பவர் அண்மையில் கூரை மாற்றியிருந்தால், இன்றைய தேடல் சுத்தமாக இருப்பது போதாது. பணம் கட்டிய ரசீதையும் கேளுங்கள். போலிக் கையெழுத்தைப் பதிவின் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடைவெளிகளுக்குத்தான் டைட்டில் காப்பீடு. அதன் பிரீமியத்தை டெக்ஸஸில் மாநிலக் காப்பீட்டுத் துறையே நிர்ணயிக்கிறது, ஆகவே விலை பேசி நிறுவனம் நிறுவனமாக அலைய வேண்டாம். சொத்தின் பரப்பு, எல்லை, வேலி ஆக்கிரமிப்பு தொடர்பான தகராறுகளை வழக்கமான உரிமையாளர் பாலிசி ஏற்காது. நில அளவை வரைபடம் கொடுத்து, குடியிருப்பு வீட்டுக்குப் பிரீமியத்தில் 5 சதவீதம் கூடுதலாகக் கட்டினால் அந்த விலக்கின் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். கையெழுத்திடும் நாளுக்கு முன்பே இதைக் கேட்டு வாங்க வேண்டும்.